பூட்டிய முன்னறை: பிரித்தானியத் தொழிலாளர் இல்லத்தின் ‘பார்லர்’ பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

மனிதர் கட்டிய வீடுகளின் வரலாற்றை எழுதுவோர் அவர்கள் எங்கே உண்டனர், எங்கே உறங்கினர், எங்கே தொழில் செய்தனர் என்பவற்றையே பெரும்பாலும் ஆராய்வர். புழக்கத்தில் இல்லாத அறைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பது அவ்வளவாகக் கவனத்திற் கொள்ளப்படுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரித்தானியத் தொழிலாளர் இல்லங்களிற் காணப்பட்ட ‘பார்லர்’ எனும் முன்னறை அத்தகைய ஓர் அறையாகும். கீழ்த்தளத்தில் இரண்டே அறைகள். பின்னறையாகிய அடுக்களையிற் சமையல், உணவு, குளிப்பு, துணி உலர்த்தல், பிள்ளைகளின் விளையாட்டு யாவும் நடைபெறும். வீதியை நோக்கிய முன்னறையோ வீட்டிலுள்ள மிகச் சிறந்த தளபாடங்களுடன் வாரத்தின் ஏனைய நாட்களில் மூடியே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை, நத்தார், திருமணம், மரணம் ஆகியவற்றுக்கே அதன் கதவு திறக்கப்படும்.

இடநெருக்கடியால் வருந்திய குடும்பங்கள் தம்மிடமிருந்த சிறிதளவு இடத்தில் ஒரு பெரும் பங்கை ஏன் இவ்வாறு ஒதுக்கி வைத்தன? இவ்வினாவுக்கு வழக்கமாக இரு விடைகள் கூறப்படுவதுண்டு. இது அறியாமையால் விளைந்த வீண் விரயம் என்பது ஒன்று. மத்தியதர வர்க்கத்தைப் பார்த்துத் தொழிலாளர் செய்த போலச்செய்தல் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் அவை போதியன அல்ல. புழங்காத அறை பயனற்ற அறையன்று என்பதையும், அதன் பயனுக்கான விலையைச் செலுத்தியோர் யாவர் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பேசும் அறை

பார்லர் என்னும் சொல் ‘பேசுதல்’ எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையடியிலிருந்து பிறந்தது. மத்திய கால மடாலயங்களில், மௌனம் காத்த துறவிகள் வெளியாரைச் சந்தித்துப் பேசுவதற்கென ஒதுக்கப்பட்ட அறைக்கே இப்பெயர் வழங்கிற்று. உள்வாழ்வுக்கும் வெளியுலகுக்கும் இடையில் எல்லையாக நின்ற அறை அது. பிற்காலத்தில் அதன் வடிவம் பலவாறு மாறியபோதும் இவ்வடிப்படைப் பண்பு மாறவில்லை.

நிலமானியச் சமுதாயத்தில் ஆங்கிலேயப் பெருவீட்டின் மையமாக விளங்கியது ‘ஹோல்’ எனும் பெருங்கூடம். நடுவிலே திறந்த நெருப்பு. அதனைச் சுற்றித் தலைவனும் குடும்பத்தினரும் ஏவலாளரும் உண்டனர். பலர் அங்கேயே உறங்கினர். யார் எங்கே அமர்வது என்பதிலே ஏற்றத்தாழ்வு புலப்பட்டது. ஆயினும் கூரை ஒன்றாகவே இருந்தது. பதினாறாம் நூற்றாண்டிற் புகைபோக்கிகள் பெருகியதோடு இந்நிலை மாறலாயிற்று. 1577ஆம் ஆண்டிலே வில்லியம் ஹரிசன் தம் காலத்து மாற்றங்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகளின் பெருக்கத்தைக் குறித்துள்ளார். 1570 முதல் 1640 வரையிலான காலத்தை ஆங்கிலக் கிராமங்களின் மாபெரும் மீள்கட்டுமானக் காலம் என டபிள்யூ. ஜி. ஹொஸ்கின்ஸ் 1953இல் வெளியிட்ட கட்டுரையில் வரையறுத்தார். இக்காலத்தில் வசதி படைத்த கமக்காரரின் வீடுகளிலும் பார்லர் இடம்பெறலாயிற்று. அக்காலப் பார்லரில் வீட்டுத் தலைவனின் சிறந்த கட்டில் கிடப்பதும் வழக்கமாகும். அது விருந்தினருக்காக மட்டும் காத்திருக்கும் அறையாக மாறுவதற்கு வேறொரு சமுதாய மாற்றம் வேண்டியிருந்தது.

2. பிரிந்த இல்லம்

அம்மாற்றம் கைத்தொழிற் புரட்சியோடு வந்தது. உற்பத்தி வீட்டைவிட்டுத் தொழிற்சாலைக்கும் கந்தோருக்கும் பெயர்ந்தபோது, வீடு பொருளீட்டும் உலகிலிருந்து விலகிய புகலிடமாகக் கருதப்படலாயிற்று. ஆணுக்கு வெளியுலகு, பெண்ணுக்கு இல்லம் என்னும் பிரிவினை ஆங்கில மத்தியதர வர்க்கத்தின் உருவாக்கத்தோடு பிணைந்தே வளர்ந்தது என்பதை லியோனோர் டேவிடோவும் கத்தரின் ஹோலும் 1987இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக நிறுவினர். 1864இல் ‘கனவானின் இல்லம்’ பற்றி நூலெழுதிய ரொபேர்ட் கெர் என்னும் கட்டடக் கலைஞர், வரவேற்பறையைப் பெண்ணுக்குரிய பகுதியாக வகுத்ததும், குடும்பத்தினரும் வேலைக்காரரும் ஒருவர் கண்ணில் மற்றவர் படாதவாறு வழிகள் அமைய வேண்டும் என வலியுறுத்தியதும் இக்கருத்தியலின் கட்டட வடிவமேயாகும்.

பொருளாதாரக் காரணிகளும் இதற்குத் துணைபுரிந்தன. சுவர்த்தாள் மீதான வரி 1836இலும், கண்ணாடி மீதான வரி 1845இலும், செங்கல் வரி 1850இலும், சன்னல் வரி 1851இலும் நீக்கப்பட்டன. நொட்டிங்ஹாம் ஆலைகளில் இயந்திரத்தாற் பின்னப்பட்ட திரைச்சீலைகள் மலிவாயின. ஒரு காலத்திற் செல்வர்க்கே உரியனவாயிருந்த அலங்காரங்கள் கூலியுழைப்பாளரும் முயன்றால் எட்டக்கூடிய தொலைவுக்கு வந்தன.

3. தொழிலாளர் வீட்டின் முன்னறை

1845இல் ஏங்கெல்ஸ் விவரித்த மன்செஸ்டர்த் தொழிலாளருக்கு முன்னறை என்னும் பிரச்சினையே இருக்கவில்லை. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளிலும் நிலவறைகளிலும் ஓர் அறையே முழு வீடாயிருந்தது. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் அதனைத் தொடர்ந்து உள்ளூராட்சி மன்றங்கள் இயற்றிய கட்டட விதிகளும் நிலைமையைப் படிப்படியாக மாற்றின. வீதியின் அகலம், வீட்டின் பின்புற வெளி, காற்றோட்டம் ஆகியன விதிக்குட்பட்டன. கீழே இரண்டு, மேலே இரண்டு என அறைகளமைந்த வரிசை வீடுகள் பெருகின. முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளைப் புதிதாகக் கட்டுவதை 1909ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது.

இவ்வீடுகளின் முன்னறை எல்லாத் தொழிலாளருக்கும் வாய்த்ததன்று. 1909 முதல் 1913 வரை இலண்டனின் லம்பெத் பகுதியிலே வாரத்துக்கு 18 முதல் 30 சிலிங் வரை உழைத்த குடும்பங்களை ஆராய்ந்த மோட் பெம்பர் ரீவ்ஸ், ஓரிரு அறைகளில் முழுக் குடும்பமும் ஒடுங்கிக் கிடந்தமையைப் பதிவு செய்துள்ளார். நிலையான வேதனம் பெற்ற தேர்ச்சிமிக்க தொழிலாளரின் வீட்டிலேயே முன்னறை முன்னறையாக நீடித்தது. வேலை இழப்போ நோயோ நேரும்போது அது வாடகைக்கு விடப்பட்டது. அல்லது தையல் வேலைக்கும் சிறு கடைக்கும் இடமாயிற்று. எனவே மூடிய முன்னறை, அக்குடும்பம் இன்னும் வீழ்ச்சியடையவில்லை என்பதை வீதிக்கு அறிவித்த அடையாளமாகும்.

அது மூடியிருந்தமைக்கு மிக எளிய பௌதிகக் காரணமொன்றும் உண்டு. குளிர்நாட்டில் ஓர் அறையைப் பயன்படுத்துவதென்றால் அதனைச் சூடாக்க வேண்டும். அடுக்களையின் இரும்படுப்பு ஒரே நெருப்பிற் சமையலையும் வெந்நீரையும் சூட்டையும் தந்தது. முன்னறையில் இன்னொரு நெருப்பு மூட்டுவது இன்னொரு கூடை நிலக்கரியைக் குறித்தது. மனப்பான்மை எனப் பலர் கருதியதில் ஒரு பகுதி நிலக்கரிக் கணக்கேயாம்.

அறைக்குள் இருந்தவை எவை? குதிரைமயிர் திணித்த இருக்கைகள், கண்ணாடிப் பெட்டி, சட்டமிட்ட குடும்பப் படங்கள், விவிலிய நூல், சன்னலோரத்தில் அஸ்பிடிஸ்ட்ரா. கிழக்காசியாவிலிருந்து வந்த இச்செடி மங்கிய ஒளியையும் வாயுவிளக்கின் புகையையும் தாங்கி வாழவல்லது. மூடிய அறைக்கு இதனினும் ஏற்ற செடி வேறில்லை. யாவற்றுக்கும் மேலாகப் பியானோ. வாடகைக் கொள்வனவு முறையில் மூன்றாண்டுகள் தவணைப்பணம் செலுத்தி அதனை உடைமையாக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டபோது, சுரங்கத் தொழிலாளர் வீட்டிலும் பியானோ புகுந்தது.

4. கண்காணிப்பும் கதவும்

1899இல் தோர்ஸ்டீன் வெப்லன், மிக வறிய வர்க்கமும் வெளிப்பகட்டு நுகர்வை முற்றாகக் கைவிடுவதில்லை எனக் கூறினார். முன்னறைக்கும் இக்கூற்றைப் பொருத்திக் காட்டுவது எளிது. ஆனால் பகட்டு யாருக்கு முன், எந்த அதிகாரத்துக்கு முன் எனக் கேட்கும்போது படம் வேறாகின்றது.

விக்டோரியா காலத் தொழிலாளரின் வாழ்வு பிறர் பார்வைக்கு எந்நேரமும் திறந்து கிடந்த வாழ்வாகும். வாடகை அறவிடுவோர், பாடசாலை வரவை விசாரிப்போர், வறியோர் நிவாரண உத்தியோகத்தர், தருமசிந்தையுள்ள சீமாட்டிகள் எனப் பலர் கதவைத் தட்டினர். 1865 முதல் ஒக்டேவியா ஹில் ஒழுங்குசெய்த வீட்டு முகாமையில், வாடகை அறவிட வந்த பெண்மணிகள் குடித்தனத்தின் துப்புரவையும் நடத்தையையும் மேற்பார்வை செய்தனர். கல்வி 1880இற் கட்டாயமானபின் அரசின் கண் வீட்டுக்குள் மேலும் நுழைந்தது. இத்தகைய சூழலில், வந்தவரை எங்கே நிறுத்துவது, எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அற்பமானதன்று. முன்னறை அவ்வுரிமையை ஒரு குடும்பத்துக்கு வழங்கியது. உலரும் துணியும் ஒழுகும் மூக்கும் வெறும் மேசையும் பின்னால் நிற்க, குடும்பம் தான் விரும்பிய முகத்தோடு வெளியாரை எதிர்கொண்டது.

மரணம் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. இறந்தவரின் உடல் அடக்கம் வரை முன்னறையிலே கிடத்தப்பட்டது. அயலார் வந்து பார்த்துச் சென்றனர். 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியற் சட்டம், உரிமை கோரப்படாத வறியோரின் உடல்களை மருத்துவக் கல்வி நிலையங்களுக்கு வழங்க இடமளித்திருந்தது. வறியோர் அடக்கம் என்பது தலைமுறை தலைமுறையாக அஞ்சப்பட்ட அவமானம். வாரம் ஒரு பென்னி செலுத்தி அடக்கக் காப்புறுதி பெறுவதை விரயம் எனச் சீர்திருத்தவாதிகள் கண்டித்தபோது, பெம்பர் ரீவ்ஸ் அக்குடும்பங்களின் நோக்கில் நின்று அதன் நியாயத்தை விளக்கினார். காப்புறுதிக்குப் பொருந்திய அதே நியாயம் முன்னறைக்கும் பொருந்தும். இரண்டும் கண்ணியமாக வழியனுப்பப்படுவதற்கு முற்கூட்டியே செலுத்தப்பட்ட விலையாகும்.

1931இல் வேலையற்றோருக்கு விதிக்கப்பட்ட வருமானச் சோதனை இவ்வெல்லையை உடைத்தது. உத்தியோகத்தர் வீட்டுக்குள் வந்து குடும்பத்தினர் யாவரின் வருவாயையும் விசாரித்தனர். நிவாரணம் வேண்டுமாயின் தளபாடங்களையும் பியானோவையும் விற்கும்படி கூறப்பட்டமை அக்காலத்தோரின் நினைவுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றது. பட்டினியோடு ஒப்பவைத்து இந்த அவமானத்தை அவர்கள் நினைவுகூர்வது தற்செயலானதன்று. முன்னறை எதற்காக இருந்ததோ அதுவே அங்கு தோற்கடிக்கப்பட்டது.

5. சீர்திருத்தவாதிகளும் பெண்களும்

முன்னறையின் மீதான வலுவான கண்டனம் முற்போக்காளரிடமிருந்தே வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1902இற் பேபியன் சங்கம் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்திலே சோசலிசக் கட்டடக் கலைஞரான ரேமண்ட் அன்வின், குடும்பம் நெருக்கமான பின்னறையில் அடைபட்டிருக்க முன்னறை வீணாகக் கிடப்பதைக் கண்டித்தார். சூரிய ஒளி படும் பெரிய வாழும் அறை ஒன்றே போதும் என்பது அவர் வாதம். பகுத்தறிவின்பாற்பட்ட, மனிதாபிமானம் மிக்க வாதமே அது. ஆனால் அந்த ஒரே அறையில் முழு நாளையும் கழிக்க வேண்டியவர் யார் என்பது அதிற் போதியளவு கேட்கப்படவில்லை.

முதலாம் உலக யுத்தத்தின் இறுதியில் அவ்வினா கேட்கப்பட்டது. 1918இல் எமொட் சீமாட்டியின் தலைமையில் அமைந்த மகளிர் வீடமைப்பு உபகுழு தொழிலாளர் வீட்டுப் பெண்களின் கருத்துகளைத் திரட்டியது. தொழிற்கட்சிப் பெண்களும் தனியாக இயக்கம் நடத்தினர். பெண்கள் பலர் பார்லரை வேண்டினர். அதே ஆண்டில் வெளிவந்த டியூடர் வோல்ட்டர்ஸ் குழுவின் அறிக்கையும் பார்லருக்கான விருப்பம் பரவலானது என ஏற்றுக்கொண்டது. நோயாளி அமைதியாகத் தேறுவதற்கு, பிள்ளைகள் பாடம் படிப்பதற்கு, வளர்ந்த இளைஞர் நண்பரைச் சந்திப்பதற்கு, முழுக் குடும்பத்தின் முன்னிலையிற் பேச இயலாத விருந்தினரை வரவேற்பதற்கு எனக் காரணங்கள் அடுக்கப்பட்டன. அக்குழுவின் உறுப்பினருள் அன்வினும் ஒருவர். வல்லுநரின் கொள்கை வாழ்ந்தோரின் சாட்சியத்துக்கு இடமளித்த அரிய சந்தர்ப்பம் இதுவாகும்.

அவ்வறிக்கை மூன்று படுக்கையறைகள் கொண்ட வீட்டுக்குப் பார்லர் இன்றேல் 855 சதுர அடியும், பார்லருடன் 1055 சதுர அடியும் பரிந்துரைத்தது. ஒரு தொழிலாளர் குடும்பத்தின் கண்ணியத்துக்கு அரசு செலுத்த வேண்டிய விலை 200 சதுர அடி எனக் கூறலாம். 1919ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின்கீழ் அரச மானியத்துடன் இவ்வீடுகள் கட்டப்படலாயின. ஆனால் 1921இற் செலவுக் குறைப்பு வந்தது. 5 இலட்சம் வீடுகள் என்ற இலக்கு பாதியளவும் எட்டப்படவில்லை. பிந்திய திட்டங்களில் வீடுகள் சிறுத்தன; முதலில் வெட்டப்பட்டது பார்லரே. பகுத்தறிவின் பெயரால் அன்வின் நீக்க விரும்பிய அறையைச் சிக்கனத்தின் பெயரால் திறைசேரி நீக்கியது. முதலாளித்துவம் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறது என 1872இல் ஏங்கெல்ஸ் கூறியதை இங்கு நினைவுகூரலாம்.

6. முன்னறையின் விலை

முன்னறையைக் கண்ணியத்தின் கோட்டையாக மட்டும் போற்றுவது ஒருதலைப்பட்சமானதாகும். அதன் விலையை முதலிற் செலுத்தியவள் வீட்டுப் பெண்ணே. எவரும் பயன்படுத்தாத அறையை வாரந்தோறும் துடைத்தவளும், எரியாத அடுப்பின் இரும்புக்குக் கரிமெருகிட்டவளும், வாசற்படியைத் தேய்கல்லால் வெண்மையாக்கியவளும் அவளே. ஆலை நகரங்களின் புகைக்கரிக்கு எதிரான இப்போராட்டம் முடிவற்றது. படி வெண்மை குன்றினால் வீதி பேசும்; அப்பேச்சின் இலக்கு கணவன் அல்லன். பிள்ளைகளும் அவ்விலையில் ஒரு பங்கைச் செலுத்தினர். கதவுக்கு அப்பால் இடம் கிடக்க, அவர்கள் ஒரு மேசையைச் சுற்றி நெருக்குண்டனர்.

வேறொரு விலை வீட்டுக்கு வெளியே, கடல்களுக்கு அப்பாற் செலுத்தப்பட்டது. முன்னறையின் ஞாயிற்றுக்கிழமைச் சடங்கின் மையப் பொருள் தேநீர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். 1869 தொடக்கம் கோப்பியைத் தாக்கிய நோய் தேயிலைக்கு வழிதிறந்தது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கையிலே தோட்டங்களை வாங்கினார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் பிரித்தானியச் சந்தையில் இந்திய, இலங்கைத் தேயிலை சீனத் தேயிலையின் இடத்தைக் கைப்பற்றிவிட்டது. மன்செஸ்டர்த் தொழிலாளியின் முன்னறைக் கோப்பையை நிரப்பிய தேயிலையிற் பெரும்பகுதி, மலையகத்திலும் அசாமிலும் வேறு தொழிலாளர் கொய்ததாகும்.

அக்கொழுந்தைக் கொய்தவள் வாழ்ந்ததோ லயக் காம்பராவில். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஓர் அறை, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு; பிறப்பு, சமையல், நோய், மரணம் யாவும் அங்கேயே. பூட்டி வைப்பதற்கு அவளிடம் இரண்டாவது அறை இருக்கவில்லை. காம்பராவின் கதவும் அவளுக்குரியதன்று; தோட்டத்தில் வேலை முடிந்தால் குடியிருப்பும் முடிந்தது. பிரித்தானியத் தொழிலாளி இவளைச் சுரண்டினான் என்பது இதன் பொருளன்று. இருவரையும் ஒரே உற்பத்தி முறை பிணைத்தது. ஆனால் ஒருவருக்கு மூடக்கூடிய ஓர் அறையை அனுமதித்த அம்முறை மற்றவருக்கு அதனையும் மறுத்தது.

7. மறைவும் மறுபிறப்பும்

முன்னறை மறைந்தமைக்கும் பொருளியற் காரணங்களே முதன்மையானவை. 1961இல் வெளிவந்த பார்க்கர் மொரிஸ் அறிக்கை, வீட்டின் எல்லாப் பகுதிகளும் போதியளவு சூடாக்கப்படின் எல்லா அறைகளையும் எக்காலத்தும் பயன்படுத்தலாம் என்பதை வலியுறுத்தியது. மைய வெப்பமூட்டலும் தொலைக்காட்சியும் பரவ, பல வீடுகளில் முன்னறைக்கும் பின்னறைக்கும் இடையிலான சுவர் இடிக்கப்பட்டது. அவ்வறிக்கையின் நியமங்கள் 1969இல் உள்ளூராட்சி வீடுகளுக்குக் கட்டாயமாகி, 1980இற் கைவிடப்பட்டன.

வெள்ளைத் தொழிலாளர் சுவரை இடித்த அதே காலத்தில் இன்னொரு மக்கட்கூட்டம் முன்னறையை மீண்டும் அலங்கரித்தது. 1948இல் வின்ட்றஷ் கப்பலிலும் அதன் பின்னரும் கரிபியன் தீவுகளிலிருந்து வந்தோருக்கு ஓர் அறையை வாடகைக்குப் பெறுவதே அரிதாயிருந்தது. வீடமைப்பில் இனப்பாகுபாடு காட்டுவதை 1968ஆம் ஆண்டின் சட்டமே தடைசெய்தது. ‘பார்ட்னர்’ எனப்பட்ட சீட்டு முறையிற் பணம் சேர்த்து வீடு வாங்கியோர் முன்னறையிலே ரேடியோகிராம், கஞ்சியிட்டு விறைப்பாக்கிய பின்னல் விரிப்புகள், கண்ணாடி மீன்கள், பிளாஸ்டிக் மலர்கள், இயேசுவின் இறுதி இராப்போசனப் படம் ஆகியவற்றை வைத்தனர். பிள்ளைகள் அங்கு விளையாட அனுமதிக்கப்படவில்லை. மைக்கல் மக்மிலன் 2005இல் இலண்டனின் ஜெவ்ரி நூதனசாலையில் இவ்வறையைக் காட்சிப்படுத்தினார். 2021இல் அந்நூதனசாலை புதிய பெயரோடு மீளத் திறந்தபோது, 1976ஆம் ஆண்டைச் சேர்ந்த இத்தகைய முன்னறை ஒன்று அதில் நிரந்தர இடம்பெற்றது. தெருவிலே கண்ணியம் மறுக்கப்பட்டோர் அதனை வீட்டின் முகப்பிலே நிறுவிக்கொண்டனர். காலமும் நிறமும் வேறாயினும் சமூகத் தேவை ஒன்றே.

இதுகாறும் கூறியவற்றால், பூட்டிய முன்னறை வெறும் போலிப் பகட்டன்று என்பது புலனாகும். வாழ்வின் பெரும்பகுதியைப் பிறர் ஆணைக்கு உட்படுத்திய மக்கள், தம் ஆணைக்கு உட்பட்ட ஓரிடத்தை வேண்டிய வேட்கையின் சின்னம் அது. அதே வேளையில் அவ்வேட்கை, பெண்ணின் ஊதியமற்ற உழைப்பிலும் பிள்ளைகளின் நெருக்கடியிலும் தொலைதூரத் தொழிலாளரின் வறுமையிலும் தங்கி நின்றது. இம்முரண்பாட்டின் ஒரு பக்கத்தை மட்டும் கண்டோர் அதனை எள்ளினர். மறுபக்கத்தை மட்டும் கண்டோர் அதனைப் போற்றினர்.

வறியோரின் தேவை எது, ஆடம்பரம் எது என்பதை அவர்களுக்கு வெளியே நின்று வகுக்கும் பழக்கம் இன்னும் ஒழிந்துவிடவில்லை. நமது மலையகத்தில் 2015க்குப் பின் லயங்களுக்கு மாற்றாக 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் அமைக்கும் கொள்கை முன்னெடுக்கப்பட்டபோதும், பல குடும்பங்கள் இன்னும் லயங்களிலேயே வாழ்கின்றன. ஒரு குடும்பத்துக்கு எத்தனை சதுர அடி போதும் எனக் கணக்கிடும் மேசையிலே, அவ்வீட்டில் நாள் முழுதும் வாழப்போகும் பெண்ணின் சாட்சியமும் இடம்பெற வேண்டும். 1918இல் ஒரு முறை அது இடம்பெற்றது. அதன் விளைவு 200 சதுர அடி.